வலை பொத்தும் கை: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பள்ளிகளில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

டி.என்.ஏ. பழுதுபார்ப்பு, மறுசேர்க்கை என்று வரும் பக்கங்களை ஓரிரு மதிப்பெண் சமாச்சாரம் என்று தாண்டிவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா வலை பொத்துகிறவர். கிழிந்த வலை வந்தால் உடனே ஊசியை எடுக்கமாட்டார். ஓட்டையைச் சுற்றிப் பிய்ந்து தொங்கும் கண்களை முதலில் கத்தியால் அறுத்துப் போடுவார். ஓட்டை இன்னும் பெரிதாகும். சின்ன வயதில் எனக்குப் பதறும். "இத்துப்போன நூல்ல முடிச்சு நிக்காதும்மா" என்பார்.

செல்லும் அப்படித்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரண்டு தைமின்கள் (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின்) ஒட்டிக்கொண்டால், சுமார் 30 எழுத்து நீளத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்புகிறது. இதை விளக்கிய அஜீஸ் சஞ்சாருக்கு 2015இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் நம் அம்மாக்களின் தோலில் அன்றாடம் நடக்கும் வேலை இது.

சரி, இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால்? செல் முனைகளைச் சீவிக்கொண்டு, அதே டி.என்.ஏ.வின் இன்னொரு பிரதியைத் தேடிப்போய், அதைப் பார்த்துப் பின்னுகிறது. இதுதான் மறுசேர்க்கை. ராட்51 என்ற புரதம் அறுந்த முனையில் சுற்றிக்கொண்டு பொருந்தும் இடத்தைத் தேடும். அதை முனையில் ஏற்றிவிடுவது பிஆர்சிஏ2 என்ற இன்னொரு புரதம். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது செல் வேண்டுமென்றே தன் இழையை அறுத்து, இதே வித்தையால் தாத்தா பாட்டி பங்குகளைக் கலந்துவிடுகிறது.

பிஆர்சிஏ மரபணுக்கள் வரும்போது கொஞ்சம் நிதானமாக நடத்துங்கள். அந்த மரபணுக்களில் பழுதோடு பிறந்தவர்களுக்கு மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வரும் வாய்ப்பு அதிகம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு வந்தது, அப்புறம் மகளுக்கும் வந்தது. குடும்பச் சாபம் என்றார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே மகள் கட்டியை மறைத்து வைத்திருந்தாள். மார்பகப் புற்று பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்தப் பழுது அப்பா வழியிலும் வரலாம். இதைப் பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்கட்டும்.

ஒரு சாயங்காலம் அவர்களைக் கரைக்குக் கூட்டி வாருங்கள். அப்பா கிழிந்த வலையோடு உட்கார்ந்திருப்பார். எங்கே அறுக்க வேண்டும் என்பதை முதலில் காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் வலைக்காரர் ஒருவரின் மகள்