தாலிக்கொடி இறுக்கின நாள்

அன்பின் ரகு,

நலம், நலமறிய ஆவல். கழுத்தில் தைரொயிட் சுரப்பியில் உள்ள கட்டியில் ஊசி குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பயப்படாதே மச்சான். ஆனால் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுப் போ.

நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின கிழமை மனுசிக்கும் அதே சோதனைதான். தோளுக்குக் கீழே தலையணை வைத்து, கழுத்தைப் பின்னுக்குச் சரித்து, ஸ்கானைப் பார்த்தபடி மூன்று தரம் குத்தினார்கள். இரத்தம் எடுக்கிற ஊசியை விட மெல்லியது. விழுங்கவும் கதைக்கவும் கூடாது, அவ்வளவுதான். பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். இருதயக் கிளினிக்கில் தரும், இரத்தம் இளக்கும் 75 மில்லிகிராம் அஸ்பிரினைப் பற்றி அவர்கள் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை.

பின்னேரம் புட்டு அவித்துக்கொண்டு நின்றவள், "இந்தத் தாலிக்கொடி ஏன் இண்டைக்கு இறுக்குது?" என்றாள். கொடி பழைய கொடிதான், கழுத்துத்தான் பருத்திருந்தது. நான் பெரிய மனுசன் மாதிரி, "காலமை பாப்பம்" என்றேன். அதற்கு இன்றைக்கும் ஏச்சு விழுகிறது. தண்ணீர் விழுங்க நொந்து, குரலும் கட்டின பிறகுதான் ஓட்டோ பிடித்தேன்.

வாட்டில் நின்ற இளம் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தைரொயிட்டுக்கு இரத்த ஓட்டம் மிக அதிகம். ஊசி ஒரு குழாயில் பட்டால் பெரும்பாலும் கொஞ்சம் கண்டிப்போய் அடங்கிவிடும். எப்போதாவது ஒருவருக்கு உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், சில மணி நேரம் கழித்துக்கூட வீங்கும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த புள்ளி. கழுத்துக்குள் இடமேது? கட்டின இரத்தம் மூச்சுக்குழாயை நெரித்தால் தொண்டைக்குள் குழாய் விட வேண்டும், சிலவேளை ஒபரேஷன் தியேட்டருக்கும் கொண்டுபோக வேண்டும்.

இவளுக்கு அவ்வளவுக்குப் போகவில்லை. வீக்கத்தின் ஓரத்தைப் பேனையால் கீறி, அது கோட்டைத் தாண்டுகிறதா என்று இரவிரவாகப் பார்த்தார்கள். தாண்டவில்லை. பிறகு கண்டல் நெஞ்சுவரை இறங்கி, நாவற்பழ நிறமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைய இரண்டு கிழமை பிடித்தது. சோதனை முடிவில் புற்றுநோய் இல்லை, அது போதும்.

நீ குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போ. உனக்கு இருதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஆகவே இரத்தம் இளக்கும் குளிசையை நீயாக நிறுத்திவிடாதே, அது வேறு வில்லங்கம். அஸ்பிரின் குடிக்கிறவர்களுக்கு அதை நிறுத்தாமலே குத்துவதும் உண்டு, முடிவை அவர்கள் எடுக்கட்டும். குத்தி முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக அழுத்திப் பிடி. உடனே பஸ் ஏறாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இரு. கழுத்து வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ என்னைப்போல "காலமை பாப்பம்" என்று இராதே.

திகதியை எழுது. அன்றிரவு வவுனியாவுக்கு வந்து உன்னோடு நிற்கிறேன். என் குறட்டையை மட்டும் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
சிவம்