சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் சுற்றுலாப் பேருந்து வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: வார இறுதி நாட்களில் வழிகாட்டியுடன் ஏற்காடு சுற்றுலாப் பேருந்து இயக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அரசுப் பேருந்தில் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைக்குப் போய்விடலாம். சிக்கல் இறங்கிய பிறகுதான். சேர்வராயன் கோயில் ஒரு மூலை, பகோடா பாயிண்ட் வேறொரு மூலை. சொந்த வண்டி இல்லாதவர்கள் வாடகை வண்டிக்காரர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டு, அவர் காட்டும் இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கோடையில் வெளியூர் உறவினர்களை அழைத்துக்கொண்டு போனபோது, எங்கள் வண்டிக்காரர் முதலில் கிளியூர் அருவியில் கொண்டுபோய் நிறுத்தினார். மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்தால்தான் அந்த அருவிக்குத் தண்ணீர். இது அவருக்கும் தெரியும். "தண்ணீர் இருக்குமா?" என்று கேட்டதற்கு "போய்ப் பாருங்கள்" என்றார். செங்குத்தான படிகளில் வயதானவர்கள் இறங்கிப் பார்த்தது வறண்ட பாறையை.

அடுத்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். அங்குள்ள குடுவைத் தாவரம் மேகாலயாவைத் தாயகமாகக் கொண்டது. சத்துக் குறைந்த மண்ணில் வளர்வதால், பூச்சிகளிடமிருந்து தழைச்சத்தைப் பெறுகிறது. வழுக்கும் விளிம்பில் கால் வைக்கும் பூச்சி உள்ளே விழுந்து, அடியில் இருக்கும் நீர்மத்தில் கரைந்துபோகும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர், பூச்சி விழுந்ததும் மூடி பட்டென்று மூடிக்கொள்ளும் என்று தம் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அது மூடாது, மழைநீர் உள்ளே நிறையாமல் காக்கும் கூரை அது. பிள்ளைகள் மூடியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். தடுக்கவோ விளக்கவோ அங்கே ஆள் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து எங்கள் வண்டியின் ஹாரன் சத்தம் வந்துவிட்டது. சேர்வராயன் மலையின் பெயரைத் தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற அரிய தாவரத்தையும் அதே தோட்டத்தில்தான் காப்பாற்றி வருகிறார்கள். மலையேறி வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

காபித் தோட்டங்களின் கதையும் அப்படித்தான். 1820களில் தங்கள் பதவியில் இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். சில்வர் ஓக் நிழலில் காபியும், அந்த மரங்களிலேயே மிளகுக் கொடியும் வளர்வது ஏன் என்று சொல்ல ஒருவர் இருந்தால், சாலையோரத்தில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினாலே போதும்.

ஆகவே, சனி, ஞாயிறுகளில் சேலம் ரயில் நிலையத்திலிருந்து புதிய பேருந்து நிலையம் வழியாக ஒரு சிற்றுந்தை இயக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோடை விழாக் கூட்டத்துக்காக மட்டும் அல்லாமல், ஆண்டு முழுவதும் அது ஓட வேண்டும். ஏரியும் அண்ணா பூங்காவும், ஆர்க்கிட் தோட்டம், சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட் ஆகியவை போதும். இன்னும் நான்கைந்து இடங்களைச் சேர்க்கலாமே என்று அலுவலர்கள் சொல்லக்கூடும், தயவுசெய்து வேண்டாம். எண்ணிக்கை கூடினால் ஹாரன் சத்தமும் கூடும். கிளியூரைத் தண்ணீர் விழும் நாட்களில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டிகளாக மலைக்கிராமத்து இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, சுற்றுலாத் துறை மூலம் பயிற்சி அளிக்க வேண்டும். சேர்வராயன் குகைக்கோயிலில் காவேரி அம்மனுக்கும் ஏன் இடம் என்பதை அவர்கள் வாயால் கேட்பதே முறை. மைக்கைப் பிடித்துப் பாட்டுப் போடும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டாம்.

நுழைவுக் கட்டணங்களையும் சேர்த்து மொத்தத் தொகையை டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற கழிப்பறை உள்ள இடங்களில் வண்டி நிற்க வேண்டும். பனிமூட்டத்தில் வளைவுகளில் இறங்குவது ஆபத்து என்பதால், இருட்டுவதற்குள் அடிவாரம் வந்து சேரும்படி நேரத்தை வகுக்க வேண்டும். ஆர்க்கிட் தோட்டம் மத்திய அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், குழுவாக அனுமதி பெறவும் அங்கே விளக்கம் சொல்லவும் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால்தான் காரியம் நடக்கும்.

முதலில் மூன்று மாதங்களுக்குச் சோதனை முறையில் இயக்கிப் பார்த்து, பயணிகளின் கருத்தைக் கேட்டு முடிவு செய்யலாம். வழிகாட்டிகளுக்குத் தாவரங்களைப் பற்றிய குறிப்புகளை எளிய தமிழில் எழுதித் தர நான் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.

நகல்: மாவட்டச் சுற்றுலா அலுவலர், சேலம்.