பம்பு ஸ்குரூவைத் திருகியவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டீசல் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டு வாசலில் வைத்து இவற்றைப் பிரித்து மேய்கிறவர்களால்தான் ஊரெல்லாம் புகை என்று எழுதியிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் என் வீட்டு வாசலில் 2004 மாடல் இண்டிகா டீசல் ஒன்று நிற்கிறது. பிரித்து மேய்கிறவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் கட்டுரையில் பாதி சரிதான். சரியில்லாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை. சாவியைத் திருப்பினால் வண்டி இருமிக்கொண்டே வெள்ளைப் புகையைக் கக்கியது. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி, கொசு மருந்து வண்டி இன்னிக்கு நம்ம தெருவுக்கா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்த்த என் சித்தப்பா சொல்லித் தந்த வித்தை ஒன்று உண்டு. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் உடனே சத்தம் தடுமாறும். எந்த நட்டைத் தளர்த்தும்போது இன்ஜின் சட்டையே செய்யவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலைநிறுத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மூன்றாவது. இதைப் படித்துவிட்டு யாரும் வெறுங்கையோடு இறங்கிவிட வேண்டாம். அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் புதிய காமன் ரெயில் வண்டிகளில் அந்த அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அவற்றில் இந்த வித்தையை நினைக்கவே கூடாது.

நாலு நாசிலையும் கழற்றி, மாதவரம் பக்கம் லாரிக்காரர்கள் போகிற ஒரு பம்பு நாசில் கடைக்கு எடுத்துப் போனேன். டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார்கள். மூன்று நாசில்கள் கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பது போலத் தெளித்தன. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் வாஷர் போன தெருக்குழாய் மாதிரிச் சொட்டியது. சொட்டாக விழுகிற டீசல் முழுதாக எரியாது. இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அது அப்படியே வெள்ளைப் புகையாக வெளியே வரும். நாசில் முனையை மாற்றி, அடியில் புது காப்பர் வாஷர் போட்டு, குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக்குகளில் செத்துப் போயிருந்த ஒன்றையும் மாற்றினேன். மறுநாள் காலை அக்கா கோலத்திலிருந்து தலை நிமிரவில்லை. அந்த மாதம் புகைச் சோதனையிலும் வண்டி தேறியது. வாசலில் வைத்துப் பிரித்ததால் புகை குறைந்த கதை இது.

இனி நீங்கள் சொன்னதில் சரியான பாதி. அடுத்த வருடமே எனக்குப் புத்தி கெட்டது. நாசில்களுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் கம்பெனி சீல் வைத்து அனுப்புகிற ஸ்குரூ ஒன்று இருக்கிறது. அதைத் திருகினால் "சும்மா பறக்கும்" என்றார் ஒரு நண்பர். கால் சுற்றுதான் திருகினேன். பறந்தது, பொய் சொல்லக் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் எதுவும் தெரியவில்லை, அத்தனை கரும்புகை. இருக்கிற காற்றுக்கு மேல் டீசலை ஊற்றினால் மிச்சம் கரியாகத்தானே போகும்? மைலேஜும் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் குறைந்தது. பின்னால் ஒரு பைக்கில் கைக்குழந்தையோடு வந்தவர் என்னைத் தாண்டும்போது பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திரும்பவும் அதே கடைக்குப் போய், பம்பைக் கலிபிரேஷன் செய்து, அதாவது டீசல் அளவைப் பழையபடி சரிபார்த்து வைத்து, திட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பதும் சைலன்சரை அறுப்பதும் இந்த ரகம்தான். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. என் வேண்டுகோள், வாஷர் மாற்றுகிறவனையும் ஸ்குரூ திருகுகிறவனையும் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள் என்பதுதான். இரண்டு கூண்டிலும் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

வண்டியை உடைக்கக் கொடுத்துவிடு என்கிறீர்கள். 15 வருடம் முடிந்து பதிவையும் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, மாதம் ஒருமுறை அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வண்டி இது. புது வண்டிக்கு இ.எம்.ஐ. கட்டும் நிலையில் நான் இல்லை. அவ்வளவுதான்.

அப்புறம், எங்களை நியாயமாகத் திட்ட வேண்டிய விஷயம் ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. கழிவு ஆயில். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் நாலு லிட்டருக்கு மேல் கறுப்பு ஆயில் வடிகிறது. ஆரம்பத்தில் நானே அதை வாசல் மழைநீர் வடிகாலில் ஊற்றியிருக்கிறேன். அந்த வடிகால் போய்ச் சேருவது கேப்டன் காட்டன் கால்வாயில். அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே எண்ணூர் முகத்துவாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கரி பூசியது போல் ஆனதைப் பார்த்துச் சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த எண்ணெய் வேறு, என் ஆயில் வேறு. இருந்தாலும் அன்றோடு வடிகாலில் ஊற்றுவதை விட்டேன்.

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரக் கழிவு; அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். பெரிய பட்டறைக்கு அது சரி. நாலு லிட்டர் வைத்திருப்பவனுக்காக யார் வருவார்கள்? குப்பை வண்டியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், அதை அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் சிரிக்கிறார். வார்டுக்கு ஒரு டிரம் வைத்து மாதம் ஒருநாள் வாங்கிக்கொண்டால் போதும். உங்கள் இதழ் அதற்காக ஒரு கட்டுரை எழுதினால் நன்றாக இருக்கும். என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இப்போது இரண்டு கேன் நிரம்பி நிற்கிறது. அடுத்த ஆயில் மாற்றம் தை மாதம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81