கைத்தையல் நேர விரயம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை இணைப்புல பொழுதுபோக்கு பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல கையால துணி தைக்கறதுக்கு ஒரே ஒரு வரி, மெஷின் இருக்கற காலத்துல இது நேர விரயம்னு எழுதி முடிச்சிட்டீங்க. அதப் படிச்சதுலருந்து மனசு ஆறவே இல்லைங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில 22 வருஷம் வேலை பாத்தவ, மொதல்ல துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெஷின்ல டெய்லர், பொறவு தச்ச பீஸ சரி பாக்கற செக்கிங், அதனால மெஷினோட அருமை தெரியாம பேசறேன்னு நினைச்சுடாதீங்க. அதே சமயம் இந்த ஆறு வருஷமா ராத்திரி பாத்திரம் கழுவி வெச்சுட்டு வந்து உக்காந்து, 200 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பொம்பளைங்க போட்ட கவுன, அவங்க தச்ச மாதிரியே ஊசியும் நூலும் மட்டும் வெச்சு தச்சுட்டு வர்றேன். ரெண்டு பக்கமும் பாத்தவங்கறதால இத எழுதறேன்.

எப்படி ஆரம்பிச்சேன்னா, என் மக இங்கிலாந்துல பிரிஸ்டல்ல நர்ஸா இருக்குது, 2019 செப்டம்பர்ல அதப் பாக்கப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை லீவு கெடச்சதுன்னு பாத்ங்கற ஊருக்கு கூட்டிட்டுப் போச்சு, ட்ரெயின்ல கால் மணி நேரம்தான். 200 வருஷத்துக்கு முன்னாடி ஜேன் ஆஸ்டின்ங்கற எழுத்தாளர் அந்த ஊர்ல கொஞ்ச வருஷம் இருந்தாங்க, அவங்க பேர்ல 2001லருந்து வருஷா வருஷம் அங்க ஒரு திருவிழா நடக்குது, அன்னைக்கு நூத்துக்கணக்கான பேர் அந்தக் காலத்து உடையப் போட்டுக்கிட்டு ஊர்வலமா நடந்து போறாங்க. நான் கூட்டத்தப் பாக்கல, துணியத்தான் பாத்தேன். ஒரு வயசான அம்மா எங்க பக்கத்துல வந்து நின்னாங்க, மேல குட்டையா ஒரு கோட்டு, அதுக்கு ஸ்பென்சர்னு பேராம். நான் அதோட கை ஓரத்தையே பாத்துட்டு இருந்தத கவனிச்சுட்டு அவங்களே சிரிச்சுக்கிட்டு கைய மடிச்சு உள்பக்கத்தக் காமிச்சாங்க. உள்ள ஓவர்லாக் இல்ல, பிசிறும் இல்ல. பிசிற உள்ள மடக்கி அதுக்கு மேல பொடிப் பொடியா எம்மிங், வரிசை ஒரு இடத்துல கூட கோணல. "அம்மா, இது பூராவும் அவங்க கையாலயே தச்சதாம்"னு மக சொல்லுச்சு. செக்கிங்ல எத்தனையோ ஆயிரம் பீஸ உள்ள வெளிய திருப்பிப் பாத்த கண்ணுங்க இது, உள்பக்கம் இவ்வளவு சுத்தமா ஒரு துணி அதுவரைக்கும் பாத்ததில்ல.

அந்தக் காலத்துக்கு ரீஜென்சி காலம்னு பேரு. மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்கு மனநிலை சரியில்லாமப் போனதால அவர் மகன் 1811லருந்து 1820 வரைக்கும் அவருக்கு பதிலா ஆட்சி பண்ணுனார், அதனால வந்த பேரு. உடை விஷயத்துல அதுக்கு கொஞ்சம் முன்னாடி பின்னாடியும் சேத்துக்குவாங்க. இடுப்பு இடுப்புல இருக்காது, மாருக்கு நேர் கீழயே இருக்கும், அங்கருந்து பாவாடை நேரா பாதம் வரைக்கும் இறங்கும். கிரேக்க சிலைங்களப் பாத்து வந்த மோகம்னு சொல்வாங்க, மஸ்லின்ங்கற ரொம்ப மெல்லிசான வெள்ளைப் பருத்தித் துணிதான் அதுக்கு உசிரு. முக்கியமான விஷயம், அப்ப தையல் மெஷினே கெடையாதுங்க. பிரான்ஸ்ல தைமோனியே மெஷினுக்கு உரிமை வாங்குனது 1830ல, அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ் 1846ல, சிங்கர் 1851ல. அப்படின்னா ராஜா கோட்டுலருந்து சமையக்காரம்மா ஏப்ரன் வரைக்கும் அத்தனையும் கையில தச்சது.

இங்க தான் உங்க வரி தப்பாகுது. கைத்தையல்னா மெஷின் பண்றதையே மெதுவா பண்றதுன்னு நினைச்சுட்டீங்க, அப்படி இல்லைங்க. ஓவர்லாக் மெஷின் நிமிஷத்துக்கு 6000 தையல் வரைக்கும் ஓடும், ஓடும்போதே அதுல இருக்கற கத்தி ஓரத்த வெட்டிட்டுப் போயிடும். பனியன் துணி ஓரம் சுருண்டுக்கும், இழுத்தா நீளணும், அதுக்கு அது தான் சரி, அதக் குறை சொல்லவே மாட்டேன். ஆனா வெட்டுனது வெட்டுனதுதான், உடம்பு கொஞ்சம் போட்டா பிரிச்சு விட உள்ள துணியே இருக்காது. அந்தக் காலத்து கவுனுக்கு துணி தான் விலை, கூலி ரொம்பக் கம்மி. அதனால ஒரு நாள் பிரிக்கணும்னு நினைச்சுத்தான் தச்சிருக்காங்க. பாவாடையில கரையோட கரை சேத்து நீளமா ஊசிய மேலயும் கீழயும் குத்தி நேரா ஓட்டற ஓட்டுத்தையல், நாலு அஞ்சு ஓட்டத்துக்கு ஒரு தடவை ஊசிய பின்னாடி குத்தி முன்னாடி எடுக்கற பின்தையல் போட்டு இறுக்கறது, அவ்வளவுதான், ஏன்னா அங்க இழுவை கெடையாது. உடம்புப் பகுதியில இழுவை இருக்குது, அங்க பின்தையல், இன்ச்சுக்கு 10, 12. ஒரே துணியில எந்த இடத்துக்கு எவ்வளவு பலம் வேணும்னு பாத்து கை தையல மாத்திக்கிட்டே போகுது. அக்கா கவுன் தங்கச்சிக்கு ஆகணும்னா பாவாடைத் தையல ஒரு சாயங்காலத்துல பிரிச்சுடலாம், துணிக்கு ஒரு கீறல் விழாது.

உள்ள போடற ஷிஃப்ட்னு ஒன்னு இருக்குது, நம்ம ஷிம்மி மாதிரி ஆனா முட்டி வரைக்கும் வரும், லினன் துணி. அதுல வளைஞ்ச வெட்டு கழுத்துக்கு மட்டும்தான். மத்ததெல்லாம் நீள்சதுரம், பாவாடைப் பக்கம் அகலமாக ஒரு முக்கோணம், கை தூக்கறதுக்கு அக்குள்ல ஒரு சின்ன சதுரத் துண்டு. துணிய விரிச்சு கணக்கு போட்டு வெட்டுனா மிச்சம்னு ஏறக்குறைய எதுவும் விழாது. கட்டிங் டேபிள் அடியில மூட்டை மூட்டையா வேஸ்ட் கட்டறத வருஷக்கணக்கா பாத்த எனக்கு, மொத ஷிஃப்ட் வெட்டி முடிச்சப்ப கீழ கூட்டறதுக்கு ஒன்னுமில்லாம இருந்தது ஆச்சரியமா இருந்துச்சு.

சுருக்கு வெக்கற வேலை ஒன்னப் பத்தி கட்டாயம் சொல்லணும். பாவாடையோட பின்பக்கம் நடுவுல ரெண்டு முழம் துணிய ஆறு இன்ச்சுக்குள்ள அடைக்கணும். மெழுகு தேச்ச நூல்ல ரெண்டு வரிசை ஓட்டம் விடணும், கீழ் வரிசை மேல் வரிசைக்கு நேர் கீழயே விழணும், ஒரு இழை தள்ளுனாலும் கொசுவம் கலைஞ்சுடும். நூல இழுத்து சுருக்குனதுக்கு அப்புறம் ஊசி முனைய வெச்சு ஒவ்வொரு கொசுவமா மேலருந்து கீழ நீவி விடணும், அழுத்துனா மஸ்லின் கிழிஞ்சுடும், அழுத்தலைன்னா படியாது. நீவ நீவ அது வரிசையா, புத்தகத்துல தாள் அடுக்குன மாதிரி நிக்கும். அதுக்கு அப்புறம் ஒரு கொசுவத்துக்கு ஒரு தையல்னு இடுப்புப் பட்டையோட சேக்கணும். எனக்கு அந்த ஆறு இன்ச்சுக்கு மூணு ராத்திரி ஆச்சு. மெஷின்ல சுருக்கு வெச்சா தட்டையா நசுங்கித்தான் சேரும், கையில சேத்தது சேர்ற இடத்துல கீல் மாதிரி மடங்கி, நடக்கறப்ப பின்னாடி அப்படியே விழுந்து ஆடும். பழைய கவுனெல்லாம் பின்பக்கம் ஏன் அவ்வளவு அழகா விழுதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு புரிஞ்சுது.

துணி கெடைக்கறது தான் பெரும் பாடு. ஒரு கடையில சுத்தமான காட்டன் மல்னு சொல்லி ஏழு மீட்டர் குடுத்தாங்க, தொட்டப்பவே கொஞ்சம் வழவழன்னு இருந்துச்சு, நம்பி வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஓரத்துலருந்து நாலு இழை உருவி தீக்குச்சியில காமிச்சேன். பருத்தின்னா பேப்பர் எரியற வாசம் வந்து சாம்பலாகி ஊதுனா பறந்துடணும். இது சுருண்டு, உருகி, முனையில கறுப்பா கடுகு மாதிரி ஒரு குண்டு நின்னுச்சு. பாலியஸ்டர் கலந்தது. திருப்பிக் கொண்டுபோனா வெட்டுன துணி வாங்கமாட்டோம்னுட்டாங்க. பாதி நாள் கூலி போனதுக்கு வருத்தமில்ல, பருத்திய உலகத்துக்கே குடுத்த நாட்டுல பருத்தின்னு சொல்லி பிளாஸ்டிக்க விக்கறாங்களேன்னுதான் வயிறு எரிஞ்சுது. ஏன்னா அந்த இங்கிலாந்து கவுனுங்களுக்கு பேர்போன மஸ்லின் டாக்காவுல நெய்தது, மேக்னா ஆத்தங்கரையில வெளஞ்ச ஒரு தனி ரகப் பருத்தி. நம்ம தாத்தாங்க மல் வேட்டின்னு சொன்னாங்கல்ல, அந்த மல்லும் மல்மல்ங்கற அதே வார்த்தை. அதுக்கும் முன்னாடி நம்ம சோழமண்டலக் கரையிலருந்து, மசூலிப்பட்டணம், பழவேற்காடு பக்கமிருந்து போன சீட்டித் துணி மேல அங்க அப்படி ஒரு பைத்தியம், அவங்க நெசவுக்காரங்க பொழப்பு போகுதுன்னு 1701லருந்து இறக்குமதிக்குத் தடை, 1721ல உடுத்தவே தடை போட்டாங்க. ரீஜென்சி காலம் வர்றப்ப கதை தலைகீழ், அவங்க மில்லு நூல் வந்துடுச்சு, அந்த மில்லுக்கு பெரும்பங்கு பருத்தி அமெரிக்காவுல அடிமையா இருந்த ஜனங்க பறிச்சது, டாக்கா தறி ஒன்னொன்னா நின்னுபோச்சு. வெள்ளைத் துணிய மடியில போட்டு தைக்கறப்ப இதெல்லாம் நெனப்புல வரத்தான் செய்யும், வரணும்னும் நினைக்கறேன்.

இன்னொன்னு கேளுங்க, இப்ப நம்ம ஊர்ல கல்யாண ப்ளவுஸ்னா ஆரி வேலை இல்லாம கெடையாது. ஃப்ரேம்ல துணிய இழுத்துக் கட்டி கொக்கி ஊசியில சங்கிலித் தையல் போடறோமே, அது கிழக்குலருந்து 18ம் நூற்றாண்டு நடுவுல ஐரோப்பாவுக்குப் போயி, டாம்பூர்ங்கற பேர்ல அந்த மஸ்லின் கவுன் பார்டர் பூராவும் பூவும் கொடியுமா ஏறிடுச்சு. டாம்பூர்னா பிரெஞ்சுல மத்தளம், துணிய மத்தளம் மாதிரி இறுக்கிக் கட்டறதால. எங்க தெருவுல ஆரி கத்துக்கற புள்ளைங்ககிட்ட அந்த கவுன் படத்தக் காமிச்சப்ப "அக்கா இது நம்ம வேலையேதான்"னு சொல்லுச்சுங்க.

என் மொத கவுன்ல நடந்தத சொல்றேன். ரவிக்கை வெட்டற பழக்கத்துல கை உச்சிய தோளுக்கு நேரா வெச்சு வெட்டிட்டேன். ரீஜென்சி கவுனுக்கு முதுகு ரொம்பக் குறுகல், கைக்குழி பின்னாடி உள்ள வரைக்கும் போகும், கையோட அகலம் பூரா முதுகுப் பக்கம் தான் இருக்கணும். நான் தச்சதப் போட்டு கைய முன்னாடி நீட்டுனா முதுகுல பிடிச்சு இழுத்துச்சு, ஒரு டம்ளர் தண்ணி எடுக்க முடியல. நாலு மாச வேலை. ஆனா கைத்தையல்ங்கறதால ரெண்டு கையும் கழட்ட ஒரு மணி நேரம்தான் ஆச்சு, அக்குள் பக்கம் ஒரு ஒட்டுத் துண்டு சேத்து, கைய பின்னாடி திருப்பி வெச்சு மறுபடி தச்சேன், ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. மியூசியத்துல இருக்கற அசல் உடைங்கள்லயே கையில, மூலையில இப்படி ஒட்டுத் துண்டு வெச்சது நெறையா இருக்குது, துணி பத்தலைன்னா சேத்துக்குவாங்க, அத யாரும் குறையா நினைக்கல. இதே தப்ப ஓவர்லாக்ல பண்ணியிருந்தா அந்த கவுன் தொடைக்கற துணிதான்.

அந்தக் காலத்து தையக்காரிங்க பட்ட பாட்டையும் நான் மறக்கல. மெழுகுவத்தி வெளிச்சத்துல கண்ணு போக, அஞ்சு காசு பத்து காசுக்கு விடிய விடிய தச்சவங்க. எனக்கு எல்ஈடி லைட்டு இருக்குது, பென்ஷன் மாதிரி மக அனுப்பற பணம் இருக்குது, தூக்கம் வந்தா மூடி வெச்சுட்டுப் போயிடுவேன். இது எனக்கு பொழுதுபோக்கு, அவங்களுக்கு வயித்துப்பாடு. மெஷின் வந்து அவங்கள அதுலருந்து விடுவிச்சதுன்னா சந்தோஷம் தான், அதே மெஷின் நம்மூர்ல பொம்பளைங்களுக்கு சோறு போடுது. அதுக்காக கை தெரிஞ்சு வெச்சிருந்த வித்தைய நேர விரயம்னு ஒரே வரியில தள்ளக் கூடாதுங்க. இங்கிலாந்துல டார்செட் பக்கம் நூலயே வளையத்துல சுத்தி சுத்தி பட்டன் பண்ணுவாங்க, ஊரூருக்கு வீட்டு வேலையா இருந்துச்சு, 1851 லண்டன் கண்காட்சியில பட்டன் மெஷின் வந்ததும் படுத்துப்போச்சு. அத இப்ப சில பேர் தேடிப்பிடிச்சு கத்துக்கிட்டு மறுபடி பண்றாங்க. நம்மகிட்ட எங்க அம்மா போட்ட காஜாவுக்கும் எங்க பெரியம்மா போட்ட இழைத்தையலுக்கும் படம் கூட கெடையாது. எங்க பெரியம்மா கிழிஞ்ச வேட்டிய எடுத்து, அதே துணி ஓரத்துலருந்து இழை உருவி ஊசியில கோத்து, குறுக்கும் நெடுக்குமா நெய்து விடுவாங்க, சலவைக்குப் போயி வந்தா எந்த இடம்னே தெரியாது. அவங்க போயி 14 வருஷம் ஆச்சு. நான் கத்துக்கல, அப்ப கம்பெனி ஷிஃப்ட் வேலைக்கு ஓடிட்டு இருந்தேன்.

உங்ககிட்ட நான் கேக்கறது இதுதாங்க. சமையலுக்கு வாரா வாரம் ஒரு பக்கம் குடுக்கறீங்க, கோலத்துக்கு மார்கழி பூரா குடுக்கறீங்க. அந்த இணைப்புல கால் பக்கம் போதும், வாரம் ஒரு கைத்தையல், படத்தோட. இன்னும் இந்த வேலை தெரிஞ்ச பாட்டிங்க ஊர்ல இருக்காங்க, உங்க நிருபருங்க கேட்டா தச்சுக் காமிப்பாங்க, அவங்க கைய ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. மொத வாரம் பின்தையல் போடுங்க, நூல் ஒரு முழத்துக்கு மேல எடுக்கக் கூடாது, எடுத்தா முடிச்சு விழும், தேன்மெழுகுல ரெண்டு தடவ இழுத்துட்டு கோக்கணும்ங்கறதையும் மறக்காம சேத்துப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
திருப்பூர் வாசகி