இருட்டில் கதை சொல்லப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

முகாமில் பிள்ளைகளுக்கு ராத்திரிக் கதை சொல்லும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். பேய்க்கதை ஒன்று, விண்வெளிக்கதை ஒன்று போதும். எதுவும் 12 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 சொல் என்ற நிதானத்தில் போ. வேகம் கூடினால், ஒரு காட்சி மனதில் விரிவதற்குள் அடுத்தது வந்துவிடும், பயம் ஏறாது. முதல் வரி, திருப்பம், கடைசி வரி மூன்றை மட்டும் நெட்டுரு செய். மற்றதைப் பேச்சாகவே சொல்.

பேய்க்கதையில் நம் தமிழே உனக்குத் துணை. "படியில் காலடிச் சத்தம். அம்மாதான் என்று கதவைத் திறந்தாள். வாசலில்..." நிறுத்து. மனதுக்குள் மூன்று எண்ணு. பிறகு, "நின்றது." 'நின்றாள்' என்று காத்திருக்கும் காதில் அது விழும்போது வந்தது மனுஷி இல்லை என்று தெரிந்துவிடும். இதைக் கத்திச் சொல்லாதே, முந்தைய வரியைவிடத் தாழ்ந்த குரலில் சொல். கத்தினால் துள்ளுவார்கள், அடுத்த நொடியே சிரிப்பார்கள். சேர்த்துவைத்த பயமெல்லாம் கலைந்துபோகும். நிறுத்தம் நீண்டாலும் யாராவது சிரிப்பார்கள். அதட்டாதே. படியின் ஈரம், விளக்கின் புகை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போ, தானாக அடங்கும்.

விண்வெளிக்கதை கேட்கிறவர்களால் பக்கத்தைப் பின்னால் புரட்ட முடியாது. அதனால் பெயர்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம், புது விதி ஒன்றே ஒன்று. செவ்வாயிலிருந்து ரேடியோ அலை பூமிக்கு வர, கோள்களின் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். இதைக் கதையின் முதல் பாதியில் இரண்டு இடத்தில், பேச்சுவாக்கில் சொல்லிவிடு. பிறகு, செவ்வாயில் தனியாக இருப்பவள் பூமியிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் உடனே வரட்டும். அங்கே விளக்கம் சொல்லவே சொல்லாதே, கணக்குப் போடுவது பிள்ளைகள் வேலை. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் செவ்வாய்வாசிகள் படையெடுப்பை நாடகமாக்கியபோது, நேரடிச் செய்தி சொல்லும் நிருபரின் குரல் பாதியில் அறுந்து, சில நொடி வெறும் அமைதி வரும். ராட்சத இயந்திரங்களைவிட அந்த அமைதிதான் எனக்குப் பெரிது.

டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடிக்காதே, எல்லாரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு சின்ன விளக்கை உனக்குப் பக்கவாட்டில் தரையில் வை. ஏழு வயதுக்குக் கீழே யாராவது இருந்தால், "இதே கட்டடத்தில் நடந்தது" என்று மட்டும் சொல்லாதே. அவர்கள் அங்கேதான் தூங்க வேண்டும். முடித்ததும் பெரிய விளக்கைப் போட்டு, கழிவறைக்குப் போகிறவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பு.

அன்புடன்,
அம்மா