43ஆவது வளைவில்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஆறு மாதமாக எழுதாததற்கு நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். முதலில் இதைக் கேள்.

போன ஞாயிறு நானும் உன் தங்கச்சியும் கொல்லிமலை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவில் 43ஆவதில் பைக்கின் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. பொழுது சாயும் நேரம், போனில் சிக்னல் இல்லை. எங்களைத் தாண்டிப் போன ஒரு பையன் அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். "என்னாச்சுண்ணே?"

பிடிக்குள்ளே மாட்டுகிற ஈயக்குண்டு இருக்குமே, அதுதான் பிய்ந்திருந்தது. பையிலிருந்து வீட்டு வயரிங்குக்குப் போடும் கனெக்டர் ஒன்றை எடுத்தான். பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவிவிட்டு, உள்ளே இருந்த பித்தளைத் துண்டில் கம்பியை நுழைத்து இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கினான். கம்பி குட்டையாகிவிட்டதால் அட்ஜஸ்டரைத் தளர்த்தினான். தங்கச்சி டார்ச் பிடித்தாள். பத்தே நிமிஷம்! "இரண்டாவது கியர்லயே இறங்குங்கண்ணே" என்று சொல்லி, மலையடிவாரத்தில் இருக்கிற காரவள்ளி வரை எங்கள் பின்னாலேயே வந்தான். காசை வாங்கவே இல்லை. தங்கச்சி வற்புறுத்திக் கொடுத்த அன்னாசியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்ளே. இரண்டு மாதம் முன்னால் தொப்பூர் பக்கம், மணி 11 இருக்கும், ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு செல்போன் வெளிச்சத்தை ஆட்டினார். வழிப்பறிக் கதையெல்லாம் ஞாபகம் வந்து, நிற்காமல் போய்விட்டேன். கண்ணாடியில் அந்த வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. பயம் நிஜம்தான். ஆனால் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடையில் நின்று, நெடுஞ்சாலை உதவி எண் 1033க்காவது போன் போட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. நீயாக இருந்தால் நின்றிருப்பாய். பெட்ரோல் தீர்ந்து ரோட்டில் நின்றவருக்கு உன் வண்டியிலிருந்து அரை லிட்டர் பிடித்துக் கொடுத்த கதை எனக்குத் தெரியாதா!

அந்த அரை லிட்டர் வித்தையும் இனி நடக்காது போலிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்-6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலும் ரிசர்வ் திருகே கிடையாது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, டியூபைக் கழற்றி பாட்டிலில் பிடிக்கிற வேலையெல்லாம் முடியாது. பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. ரோட்டோரத்தில் கையால் சரிசெய்ய முடிந்தது ஒவ்வொன்றாகக் குறைகிறது. அதையே சாக்காகச் சொல்லி நிற்காமல் போகிறவர்கள் கூடிவிடுவார்களோ என்றுதான் எனக்குக் கவலை.

சரி, உன் பையன் வண்டி எடுத்துவிட்டானாமே. கனெக்டர் ஆறு வாங்கினேன், இரண்டை இதோடு வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் போட்டுவைக்கச் சொல். பொங்கலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. அரை லிட்டர் கதையை நீ அவனிடம் சொல்லியிருக்க மாட்டாய், நான் சொல்கிறேன்.

உன் மாப்ளே