புவியியல் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு: சென்னையில் மழை எப்போது பெய்கிறது?

மாதிரி வினாத்தாள் குழுவினருக்கு வணக்கம்.

இந்தத் தவணைக்கு நீங்கள் தந்த உயர்தரப் புவியியல் வினாத்தாளில் இந்தியா பற்றிய பகுதியைக் குறித்துத்தான் எழுதுகிறேன். என்ன விசயம் என்று உங்களுக்குத் தெரியும். போன வருடமும் சொன்னோம், அதற்கு முதலும் சொன்னோம், "பார்க்கிறோம் சேர்" என்று பதில் வந்தது, பிறகு அதே கேள்விகள் இலக்கம் மட்டும் மாறித் திரும்ப வந்து சேர்ந்தன. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பகுதியையும் அதற்கான புள்ளித்திட்டத்தையும் திருத்தி, அடுத்த பரீட்சைக்கு முதல் பாடசாலைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரம் அதிக மழை பெறும் காலம் எது, காரணம் தருக என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என்று எழுதினாள். எழுதியதோடு விடாமல், தென்மேல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகத் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குவதையும், பின்னர் வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதையும் படம் கீறி அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தாள். புள்ளி பூச்சியம். புள்ளித்திட்டத்தில் இருக்கும் விடை "தென்மேல் பருவப்பெயர்ச்சி, ஜூன் முதல் செப்டெம்பர் வரை". ஏனென்றால் இந்தியாவுக்கு மழை தருவது தென்மேல் காற்று, தமிழ்நாடு இந்தியாவில் இருக்கிறது, ஆகவே. அவ்வளவுதான் யோசனை போலிருக்கிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்க்காத தமிழர் கொழும்பில் இருக்கிறார்களா? தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறத்தாழப் பாதி வடகீழ்க் காலத்தில் கிடைக்கிறது, கரையோர மாவட்டங்களில் அதைவிடக் கூட. இதற்காகப் புத்தகம் புரட்டவே தேவையில்லை. நம்முடைய இலங்கையிலேயே மே, ஜூனில் இங்கே கொழும்பில் வெள்ளவத்தைத் தெருவில் தண்ணீர் நிற்கும்போது அதே தென்மேல் காற்று யாழ்ப்பாணத்தில் சோழகம் என்ற பெயரில் புழுதியை வாரி இறைக்கிறது, மட்டக்களப்பில் கச்சான் காற்று என்ற பெயரில் வயலைக் காய வைக்கிறது, அந்தப் பக்கத்து விவசாயி வாடை என்ற வடகீழ்க் காற்று தொடங்கும் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை செய்கிற வேலையை இங்கே மத்திய மலைநாடு செய்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் உதாரணத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சரியாக யோசித்து எழுதினால் அதற்குச் சிவப்புக் கோடு.

அந்தப் பிள்ளையின் குடும்பம் மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் இருந்து கொழும்புக்கு வந்தது. அவர்களின் முன்னோர் இராமநாதபுரம் சீமையில் இருந்து வந்தவர்கள். அந்தச் சீமையில் மழை பொய்த்தால் என்ன நடக்கும் என்பது மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விசயம் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தில் எத்தனை பேர் கடல் கடந்து இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். அவள் பாடசாலையில் போய்க் கேட்டபோது, புள்ளித்திட்டத்தில் உள்ளதுதான் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீங்கள் கொடுத்த தாளைத்தானே அவர் வைத்துத் திருத்துகிறார். ஆனால் அவள் இரண்டாவது தடவை பரீட்சை எழுதுகிறவள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, "சேர், சரியானதை எழுதவா, புள்ளி கிடைக்கிறதை எழுதவா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்தக் கேள்விக்கான விடையையும் உங்கள் புள்ளித்திட்டத்தில் சேர்த்துவிட்டால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மற்றவற்றை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 29 மாநிலங்கள், 7 ஒன்றியப் பிரதேசங்கள் என்று இன்னும் போட்டிருக்கிறீர்கள். 2014இல் தெலுங்கானா பிரிந்தபோது அது சரி. 2019இல் ஜம்மு காஷ்மீரை ஒன்றியப் பிரதேசங்களாக இரண்டாகப் பிரித்தார்கள், 2020 ஜனவரியில் வேறு இரண்டு ஒன்றியப் பிரதேசங்களை ஒன்றாக்கினார்கள், அதன் பிறகு 28ம் 8ம். "தற்போதைய குடித்தொகை 121 கோடி" என்பதும் அப்படித்தான். அது 2011 குடிசன மதிப்பீட்டுக் கணக்கு. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப் போனது, அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஐக் கணக்குத் திகதியாக அறிவித்திருக்கிறார்கள். ஆகவே 2011ஐப் பாவிப்பது குற்றமில்லை, பக்கத்தில் வருடத்தைப் போட்டால் போதும். 2023இல் இந்தியா சீனாவைத் தாண்டி 142 கோடியைக் கடந்துவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டதைப் பத்திரிகையில் படித்த பிள்ளை அதை எழுதினால் பிழை போடாமல் இருந்தால் போதும்.

அடர்த்திக் கேள்விதான் எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது. "இந்தியா குடித்தொகை அடர்த்தி கூடிய நாடு, காரணம் தருக" என்று கேட்டு, சதுர கிலோமீற்றருக்கு 382 பேர், வளமான மண், நீர்வளம் என்று மூன்று வரி விடை தந்திருக்கிறீர்கள். அதே 2011 கணக்கில் பீகாரில் 1,106 பேர், அருணாசலப் பிரதேசத்தில் 17 பேர். கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணும் பாசனமும் ஒரு பக்கம், காடும் செங்குத்து மலையும் மறுபக்கம், இது இரண்டையும் கூட்டிப் பிரித்து வரும் 382க்குள் எந்த ஊர்க்காரர் வாழ்கிறார்? 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 3,400க்கு மேல், முல்லைத்தீவில் 38. இந்த இரண்டையும் சராசரி பார்த்து "இலங்கையர் நெருக்கமாக வாழ்கிறார்கள்" என்று யாராவது எழுதினால் முல்லைத்தீவுக்காரர் சிரிக்க மாட்டாரா?

இதெல்லாம் வெறும் பரீட்சை விசயம் என்று நீங்கள் சொல்லலாம். குடித்தொகைக் கணக்கு ஒரு நாட்டில் என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பிள்ளைகள் இப்போது செய்தியில் பார்க்கிறார்கள். இந்திய மக்களவையின் இடங்கள் இன்றுவரை 1971 கணக்கை வைத்து மாநிலங்களுக்குப் பிரிக்கப்பட்டவை. அதைப் புதிய கணக்குக்கு மாற்றினால் பிறப்பைக் குறைத்த தென் மாநிலங்களின் பங்கு சுருங்கும், பிறப்பு வீதம் கூடிய வட மாநிலங்களின் பங்கு கூடும் என்பதுதான் அங்கே நடக்கும் பெரிய சண்டை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8 பிள்ளைகள், பீகாரில் 3. ஒரே நாட்டுக்குள் இருக்கும் இந்த வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சண்டை எப்படி விளங்கும்? இங்கேயும் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 55 சதவீதத்தை மாவட்டக் குடித்தொகையைப் பார்த்துத்தானே பிரிக்கிறார்கள். குடித்தொகையை வைத்துப் பிள்ளைகளின் தலையெழுத்தைப் பிரிக்கும் நாட்டில் குடித்தொகைப் பாடத்தை மட்டும் ஏனோதானோ என்று அச்சடித்து, ஒரு தாளுக்கு இவ்வளவு ரூபா என்று பாடசாலைகளிடம் வாங்கிக்கொள்கிறீர்கள். வாங்குங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. அந்தக் காசுக்கு ஒருவரை வைத்து விடைகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லலாம் அல்லவா? தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு இது போதும் என்று யாரோ நினைக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு ஒவ்வொரு தவணையும் வருகிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களில் பலர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இரவில் இருந்து இந்தத் தாள்களைத் தயாரிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே தயவுசெய்து இந்தியப் பகுதியைத் திருத்துங்கள். முழுவதையும் இப்போது செய்ய முடியாவிட்டால், புள்ளித்திட்டத்தில் மழைக் கேள்வியையும் மாநிலக் கேள்வியையும் மட்டுமாவது உடனே மாற்றி, ஒரு பக்கத் திருத்தத் தாளாகப் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே திருத்திய விடைத்தாள்களில் வடகீழ் என்று எழுதியவர்களுக்குப் புள்ளியைத் திருப்பிக் கொடுக்கும்படியும் அதிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். சரிபார்க்க ஆள் இல்லை என்றால் நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் காசு வாங்காமல் பார்த்துத் தரத் தயார். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்கு வகுப்பு இல்லை.

இப்படிக்கு,
கொழும்பு 13இல் புவியியல் படிப்பிக்கும் ஒருவர்